நீல பெயிண்டில் ஒரு நம்பர்

மொன்சே எங்கள் ஊரில் குதிரை லத்தி அள்ளுகிறவன். இப்படிச் சொன்னால் அவனுக்குக் கோபம் வராது, எனக்குத்தான் வரும். நகராட்சியில் அவன் வேலைக்கு வேறு ஏதோ கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் எஸ்பெரான்சா கடற்கரைச் சாலையில் பாதிக் குப்பை குதிரை போடுவதுதான். என் பலகாரக் கடையும் அந்தச் சாலையில்தான். காலையில் நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றும்போது மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வந்து நிற்பான். என் வாசலை முதலில் சுத்தம் செய்துவிட்டு, ஒரு காப்பியும் கருவாட்டு அப்பமும் சாப்பிட்ட பிறகுதான் மற்ற வாசல்களுக்குப் போவான்.

எங்கள் வியெக்கெஸ் தீவில் குதிரையைக் கட்டி வைக்கிற வழக்கம் கிடையாது. சொந்தக்காரன் இருப்பான், ஆனால் குதிரை தன்பாட்டுக்கு ரோட்டோரம் மேயும், மாமரத்தடியில் நின்று விழுகிற பழத்தைத் தின்னும், என் கடைக்குப் பின்னாலுள்ள குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும். வேண்டும்போது சொந்தக்காரன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தேடிப் போவான். எனக்கு இந்த ஏற்பாட்டில் சம்மதமே இல்லை. நாலு கால் உள்ள திருடர்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் நானும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன். தீவின் ஆண்பிள்ளைகள் எல்லாம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாகக் குதிரை மேல் வருவார்கள். எங்கள் குதிரைகளின் நடை தனி. குளம்பு படபடவென்று தட்டும், முதுகு அசையாது. கையிலிருக்கிற பீர் ஒரு சொட்டும் சிந்தாமல் கடற்கரை முழுக்கப் போய்வரலாம். அந்த நேரத்தில் மொன்சே தன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்பான். அவர்கள் போனபின் அள்ள வேண்டுமே.

"டேய் மொன்சே, அந்தச் சேணத்தைத் தள்ளுவண்டிக்குக் கட்டிட்டு வாயேன், சேர்ந்து போவோம்!" என்று லாலோ கத்துவான். லாலோ எங்கள் மெக்கானிக்; வாய் அவனுக்கு மூடவே மூடாது. எல்லோரும் சிரிப்பார்கள். மொன்சேவும் சிரிப்பான்.

சேணம் என்று அவன் சொன்னது நிஜமான சேணம். மொன்சேயின் மனைவி ரூத், மாதா கோயில் திருவிழாவின் பரிசுக் குலுக்கலில் ஜெயித்துக்கொண்டு வந்தது. நல்ல தோல், பித்தளை வளையம். குதிரை இல்லாத வீட்டுக்குச் சேணம் வந்ததென்று ஊரே சிரித்தது. ரூத் அதைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு, "சேணம் வந்தாச்சு, குதிரை எங்க போயிடப் போகுது" என்றாள். அதற்கப்புறம் அவளுக்கு உடம்பு கெட்டது. வைத்தியத்துக்குப் படகேறிப் பெரிய தீவுக்குப் போவதும் வருவதுமாகச் சில வருஷங்கள் ஓடின. ஒரு நாள் மொன்சே மட்டும் திரும்பி வந்தான். அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் அந்தச் சேணத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். குதிரை வாங்கேன்டா என்றால், "பாப்போம் அக்கா" என்பான். அந்தப் 'பாப்போம்' எனக்குப் பழகிப்போய்விட்டது.

மரியா புயல் வருகிறது என்று தெரிந்தபோது குதிரைக்காரர்கள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அடைத்து வைத்தால் கூரை விழுந்து சாகும். அவிழ்த்து விட்டால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பிறகு எந்தக் குதிரை யாருடையது என்று எப்படித் தெரியும்? ஆளாளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவை எடுத்து வந்து, குதிரையின் விலாவில் தங்கள் செல்போன் நம்பரை அடித்தார்கள். அவ்வளவு புத்திசாலிகள். மொன்சே எல்லோருடைய குதிரைகளையும் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அடிக்க நம்பரும் இல்லை, குதிரையும் இல்லை.

புயல் போன பிறகு பார்த்தால் தீவில் ஒரு போனும் வேலை செய்யவில்லை. செல்போன் கோபுரங்கள் எல்லாம் படுத்துவிட்டன. மரங்களில் ஓர் இலை கிடையாது. மலைகள் தீப்பிடித்து அணைந்த மாதிரி பழுப்பாகக் கிடந்தன. அந்த மொட்டை நிலத்தில் குதிரைகள் விலாவில் பெரிது பெரிதாக நம்பரைச் சுமந்துகொண்டு அலைந்தன. கூப்பிட ஒரு வழியில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த வாரத்தில் ஒரு காலை மொன்சே என் கடைக்கு ஓடி வந்தான். கடை என்றால் நாலு சுவர். கூரை எங்கே பறந்ததென்று தெரியவில்லை.

"ப்ரோவி அக்கா, என் வீட்டு வாசல்ல ஒருத்தி வந்து நிக்கிறா."

"யாருடா? இந்த நேரத்துல விருந்தாளியா? நமக்கே சோத்துக்கு வழியில்ல."

"சோறு கேக்கல அக்கா. என் கதவைத் தின்னுட்டு இருக்கா."

போய்ப் பார்த்தேன். செம்பழுப்பில் ஒரு பெண் குதிரை. எலும்பும் தோலும். பின்னங்காலில் தகரம் கிழித்த காயம். விலாவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு போன் நம்பர். மொன்சேயின் நீலக் கதவின் ஓரத்தை மரக்கட்டை தெரியும்வரை கடித்து வைத்திருந்தாள். மொன்சே விழுந்த வாழை மரங்களைத் தேடித் தண்டை நறுக்கிக்கொண்டு வந்து போட்டான். காயத்தைக் கழுவினான், ஈ உட்காராமல் துணி கட்டினான். பெயர் மட்டும் வைக்கவில்லை. "பேரு வெச்சவங்க எங்கேயோ இருக்காங்க அக்கா" என்றான். அம்மணி, அம்மணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

சொந்தக்காரர் யாரென்று விசாரித்தபோது, வடக்குப் பக்கம் மோந்தே சாந்தோவில் இருக்கிற எவாரிஸ்தோ என்ற கிழவரின் குதிரை மாதிரி இருக்கிறது என்றார்கள். கிழவருக்கு இடுப்பு முறிந்து, புயலுக்கு மறுநாளே விமானத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர், உயிரோடு இருக்கிறாரா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நம்பர் ஒன்றுதான் வழி.

அவள் உடம்பு தேறியும் மொன்சே ஏறவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"சேணத்தை எதுக்குடா சுவத்துல மாட்டி வெச்சிருக்க? அதென்ன சாமி படமா?"

"அடுத்தவங்க குதிரை அக்கா."

"அடுத்தவங்க குதிரை அடுத்தவங்க தண்ணியச் சுமக்கட்டும். மேட்டுத் தெருவுல கிழடுங்க தொண்டை வறண்டு கெடக்குதுங்க. பெட்ரோல் கிடையாது, ரோடு கிடையாது. நீ குதிரையக் கையில வெச்சுக்கிட்டு உலாத்துற!"

அன்றைக்குத்தான் சேணம் சுவரிலிருந்து இறங்கியது. அத்தனை வருஷம் எண்ணெய் குடித்த தோல், அவள் முதுகில் அப்படியே படிந்தது. மொன்சே ஏறி உட்கார்ந்தான். முதலில் கழுத்தைப் பார்த்துக்கொண்டே போனான். திரும்பி வரும்போது நிமிர்ந்து வந்தான். அவனுக்கு அவ்வளவு நீளமான முதுகு இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது.

அதன்பிறகு எங்கள் தீவில் மொன்சே இல்லாமல் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர்க் கேன், சர்க்கரை வியாதிக்காரர்களின் மருந்து, அரிசி, சேதி, எல்லாம் அவன் மூலம்தான். விழுந்த மரங்களுக்கு நடுவில் அவளுக்கு வழி தெரிந்தது. வடக்கே இருக்கிற என் தங்கை உயிரோடிருக்கிறாள் என்று முதலில் வந்து சொன்னதும் அவன்தான். "மொன்சே வந்தாச்சா?" என்றுதான் ஊர் விடிந்தது. ஊர்க்கோடியில் குளம்புச் சத்தம் கேட்டாலே கிழவிகள் வாசலுக்கு வந்தார்கள்.

லாலோவின் குதிரை காணாமல் போயிருந்தது. அவன் கால்நடையாகத் தேடித் தேடிக் களைத்து, ஒரு நாள் மொன்சேயின் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தி, "அண்ணே, என்னோடத எங்கயாவது பாத்தியா?" என்று கேட்டான். அண்ணே! நான் காதைத் தேய்த்துக்கொண்டேன். மொன்சே ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. மறுநாள் மேற்குக் கரைச் சதுப்பிலிருந்து லாலோவின் குதிரையைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தான். லாலோ அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் ஓவென்று அழுதான்.

இதற்குள் ஆரஞ்சு நம்பர் உதிர ஆரம்பித்துவிட்டது. வெயில், மழை, சேணத்துப் பட்டையின் உரசல், புதிதாக முளைக்கிற முடி. ஊரில் எல்லோரும் அதைக் கவனித்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசியில் லாலோதான் சொன்னான்: "விடுண்ணே. கிழவர் இனிமே எங்க வரப்போறாரு? தானா அழிஞ்சிடும். நீ ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா இரு. அவ்வளவுதான்."

நானும் மனசுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் ஒரு பாவமும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் பண்டிகை வந்தது. எங்களுக்கு கிறிஸ்துமஸைவிட அதுதான் பெரிது. தொழுவத்துக் குழந்தையைப் பார்க்க வந்த அந்த மூன்று ராஜாக்களும் எங்கள் ஊரில் குதிரையில்தான் வருவார்கள். பிள்ளைகள் ராஜாக்களின் குதிரைகளுக்கென்று பெட்டியில் புல் வைப்பார்கள். அந்த வருஷம் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை, கரண்ட் இல்லை, ஆனாலும் ஊர்வலம் உண்டு என்று பாதிரியார் சொல்லிவிட்டார். ஒரு ராஜா மொன்சே என்று முடிவானது. அதற்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. லத்தி அள்ளுகிறவனுக்குக் கிரீடம்!

பண்டிகைக்கு முந்தின நாள் அவன் உடுப்பைத் தைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மணி வாசலில் நின்றாள். மொன்சே கதவுக்கு அடித்து மீந்த நீல பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சின்ன பிரஷ்ஷால் அவள் விலாவில் எழுதிக்கொண்டிருந்தான். ஆரஞ்சு போன இடமெல்லாம் நீலம். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"உனக்குப் பைத்தியமாடா? யாராவது உன்னக் கேட்டாங்களா?"

"நானே என்னைக் கேட்டேன் அக்கா."

"என்னத்தக் கேட்ட? ரூத் உசிரோட இருந்தா உன் தலையிலயே அந்த டப்பாவைக் கவுத்திருப்பா. குதிரை தானா வரும்னு சொன்னாளே, வந்துச்சா இல்லியா?"

அவன் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்தான். "வந்துச்சு. நம்பரோட வந்துச்சு" என்றான். பிறகு அவள் விலாவைப் பார்த்துக்கொண்டே, "நான் ஒண்ணும் பெரிய யோக்கியன் இல்ல அக்கா. இது முதல் தடவ இல்ல, அழியறப்பல்லாம் எழுதுறேன்; இதுவரைக்கும் கரியால எழுதினேன், அது நிக்கல. ஒவ்வொரு தடவயும் கடைசி நம்பர் வரும்போது கை நின்னுடுது. ஏழு அது. மேல இருக்கிற கோட்டை விட்டுட்டா ஒண்ணாயிடும். யாருக்குத் தெரியும்?" என்றான்.

"அப்ப விட்டுத் தொலையேன்!"

"இவ மேல உக்காந்து போறப்ப நல்லா இருக்கு அக்கா. அதைக் கெடுத்துக்கணுமா?"

அவன் ஏழு போட்டான். மேல்கோட்டை நன்றாக இழுத்தே போட்டான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. உடுப்பைத் திண்ணையில் வீசிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ராஜா உடுப்பின் நீளமான துணி குதிரையின் விலாவை மறைத்துத் தொங்கியது. மொன்சே அதைச் சுருட்டி ஊக்கு குத்தி மேலே ஏற்றிவிட்டான். கிரீடம் வைத்துக்கொண்டு, பளபளவென்று நீல நம்பர் தெரிய, கடற்கரை முழுக்கப் போனான். அவன் தினம் அள்ளுகிற அதே சாலையில்தான். சுவரோடு ஒட்டி நின்று பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

பண்டிகை முடிந்து கொஞ்ச நாளில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் சிக்னல் வருகிறதென்று சேதி பரவியது. ஊரே மேடேறியது. நடக்க முடியாதவர்களை மொன்சே ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போய் இறக்கினான். அவர்கள் ஃப்ளோரிடாவிலும் நியூயார்க்கிலும் இருக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு அழுதார்கள். மொன்சே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். முதல் நாள் அவன் யாரிடமும் போன் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். பிறகு ஒரு நாள் கையை நீட்டினான்.

"அக்கா, போனைக் குடு."

குதிரையின் விலாவிலிருந்து அவன் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் அமுக்கினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. உடனே அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கப்புறம் மேடேறும்போதெல்லாம் கூப்பிடச் சொன்னான். மணி அடிக்கும், நின்றுவிடும். நாங்கள் இறங்கி வருவோம். இப்படியே போய்விடும் என்று நான் நம்ப ஆரம்பித்தபோது ஒரு பெண் குரல் எடுத்தது. எவாரிஸ்தோவின் மகள். அப்பா பிழைத்துவிட்டார், நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறார், குதிரை போய்விட்டதென்றுதான் சாப்பிடாமல் கிடக்கிறார் என்றாள். மொன்சே போனை என்னிடமிருந்து வாங்கி, "இருக்கா அம்மா. நல்லா இருக்கா. ஐயாவச் சாப்பிடச் சொல்லுங்க" என்றான்.

மாமரங்கள் பூத்த சமயத்தில் கிழவர் வந்தார். யாரோ ஒருவருடைய டிரக்கில் மொன்சேயின் வீட்டு முன்னால் வந்து இறங்கினார். கையில் ஊன்றுகோல், சட்டை உடம்பில் தொங்கியது. குதிரை மொன்சேயின் வாளியில் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். கிழவர் அங்கேயே நின்று, "செரேனா" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் காதுகள் திரும்பின. வாளியை உதைத்துக் கவிழ்த்துவிட்டு நேரே போய் அவர் அக்குளில் மூக்கை நுழைத்துக்கொண்டாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை மாசம் வாழைத்தண்டு நறுக்கிப் போட்டவனை! நாலு கால் திருடர்கள் என்று சும்மாவா சொன்னேன்.

கிழவர் அவளைச் சுற்றி வந்து காலைத் தடவினார், குளம்பைப் பார்த்தார், ஆறிய காயத்தைப் பார்த்தார். விலாவுக்கு வந்ததும் அவர் கை நின்றது.

"நான் அடிச்சது ஆரஞ்சு" என்றார்.

விரலால் அந்த நம்பரைத் தடவினார்.

"இது நீலமால்ல இருக்கு." அவர் நிமிர்ந்தார். பாதி கடிபட்ட நீலக் கதவைப் பார்த்தார். பிறகு மொன்சேயைப் பார்த்தார். "எத்தனை தடவப்பா எழுதின?"

"அழியறப்பல்லாம், ஐயா."

கிழவர் 'ம்' என்றார். அவ்வளவுதான். குதிரையை நீயே வைத்துக்கொள் என்று சொல்வார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அவர் குதிரை. "எனக்கு இப்ப ஏற முடியாது. வீடு வரைக்கும் கொண்டாந்து விடுறியா?" என்றார்.

டிரக் முன்னால் போக, மொன்சே சேணம் வைத்து ஏறி மோந்தே சாந்தோவுக்குப் போனான். சாயங்காலம் மலை ரோட்டில் திரும்பி வந்தான். சேணத்தைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தே வந்தான். வழியில் நிறுத்திய எந்த வண்டியிலும் ஏறவில்லையாம். என் கடையில் சேணத்தைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு காப்பி கேட்டான்.

"தொட்டி நிறைய தண்ணி வெச்சிருந்தாங்க அக்கா. நல்லா குடிச்சா" என்றான். நான் எண்ணெய்ப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுப்பு அப்போது பற்றவே வைத்திருக்கவில்லை.

மறுபடி மண்வெட்டி, தள்ளுவண்டி. மறுபடி ஞாயிறு சாயங்காலம். லாலோ அவன் முன்னால் குதிரையை நிறுத்தி இறங்கி, "அண்ணே, ஒரு சுத்து போயிட்டு வா" என்று கடிவாளத்தை நீட்டுவான். "பாப்போம்" என்பான் மொன்சே. சேணம் பழையபடி சுவரில் ஏறிவிட்டது. எண்ணெய் மட்டும் நிற்கவில்லை.

மரியாவுக்குப் பிறகு இரண்டாவது ஆகஸ்டில் இன்னொரு புயல் எங்களைப் பார்த்துத் திரும்புகிறதென்று ரேடியோவில் சொன்னார்கள். ஊர் மறுபடி பெயிண்ட் டப்பாவை எடுத்தது. இந்தத் தடவை யாரும் நம்பர் எழுதவில்லை. பட்டு அறிந்துகொண்டவர்கள் ஆயிற்றே. ஆள் பெயரையும் தெருப் பெயரையும் எழுதினார்கள். மொன்சே மற்றவர்களுடைய குதிரைகளைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கு எதிரில் நின்றிருந்தான். அப்போது அதே டிரக் மெதுவாக வந்தது. கிழவர் பின்னால் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருக்க, செரேனா பின்தொடர்ந்து வந்தாள். அவள் ஒரு விலாவில் ஆரஞ்சு நிறத்தில் 'எவாரிஸ்தோ, மோந்தே சாந்தோ' என்று எழுதியிருந்தது. கிழவர் அவளைத் திருப்பி நிறுத்தினார். அடுத்த விலா வெறுமையாக இருந்தது. சீப்பால் வாரித் துடைத்து வைத்திருந்தார்.

"அந்த நீல பெயிண்ட் இருக்கா உங்கிட்ட?" என்று கேட்டார்.

மொன்சேவுக்குப் புரியவில்லை. "இருக்கும் ஐயா. எதுக்கு?"

"எனக்கு வயசாயிடுச்சுப்பா. இந்தத் தடவயும் என்னைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னா இவ எந்த வாசலுக்கு வரணும்னு எழுதி வெக்க வேணாமா? கண்ட கதவையும் தின்னக் கூடாதில்ல. உம் பேரை நீயே எழுது."

மொன்சே அசையாமல் நின்றான். "போடா, போய் எடுத்துட்டு வாடா!" என்று நான்தான் கத்தினேன். அவன் ஓடினான். அந்த வயசில் அவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை முக்கினான். லாலோ செரேனாவின் தலையைப் பிடித்துக்கொண்டான். மொன்சே முதலில் தன் பெயரை எழுதினான், பிறகு ஊரை எழுதினான். கடைசி எழுத்துவரைக்கும் அவன் கை எங்கேயும் நிற்கவில்லை.